காடு மாத்திரை அல்ல

குளியல் என்றதும் சோப்பையும் துண்டையும் தேட வேண்டாம். ஜப்பானியர்கள் சொல்லும் 'ஷின்ரின்-யோகு'வில் தண்ணீருக்கு வேலையே இல்லை. ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளியல். காட்டுக்குள் போய் அவசரமில்லாமல் நடந்து, மரவாசனை பிடித்து, இலைச் சத்தம் கேட்டு, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது. அவ்வளவுதான்! மலையுச்சியைத் தொட வேண்டும் என்ற இலக்கெல்லாம் கிடையாது.

இது ஏதோ ஆயிரம் வருடப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். மரங்களை நேசிப்பது அங்கே பழசுதான், ஆனால் இந்தப் பெயர் பழசு அல்ல. 1982-ல் ஜப்பான் வனத்துறையின் தலைவராக இருந்த தொமொஹிதே அகியாமா வைத்தது. வேலை வேலை என்று ஓடும் நகரத்து மக்களைக் காட்டுப்பக்கம் இழுக்க வேண்டும், அப்படி வந்து பழகினால் காட்டைக் காக்கவும் அவர்களுக்குத் தோன்றும் என்பது கணக்கு.

ஆக, பெயர் முதலில் வந்தது, ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. சிபா பல்கலைக்கழகத்தின் மியாசாகி குழுவினர் 24 காடுகளில் செய்த சோதனை 2010-ல் வெளியானது. ஒவ்வொரு இடத்திலும் 12 மாணவர்கள். முதல் நாள் பாதிப்பேர் காட்டுக்கு, மீதிப்பேர் நகரத்துக்கு, மறுநாள் இடம் மாற்றி. கொஞ்ச நேரம் நடந்தார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். காட்டில் இருந்தபோது உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைவாக இருந்தது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடத்தான்.

நல்ல செய்திதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இதிலே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காட்டோடு ஒப்பிடப்பட்டது நகரம். அப்படியானால் காடு மனதை அமைதிப்படுத்தியதா, அல்லது நகரம் கிளறிவிட்டதா? இரண்டும் ஒன்றல்ல. மேலும், நடந்தவர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள். அதை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் புற்றுநோய் ஓடிவிடும் என்கிற அளவுக்குப் பேசுவது காட்டுக்கும் நல்லதில்லை, நோயாளிக்கும் நல்லதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு மரத்தடிக்குப் போனவரை யார் காப்பாற்றுவது?

இன்னொரு வேடிக்கை. இன்று ஜப்பானில் சான்றிதழ் பெற்ற வனச் சிகிச்சைத் தளங்கள் 60-க்கும் மேல் இருக்கின்றன. வழிகாட்டி, கட்டணம், கால அட்டவணை எல்லாம் உண்டு. முதல்முறை வருபவருக்கு வழிகாட்டி உதவலாம், தப்பில்லை. ஆனால் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்தபடியே நடப்பவர், 'இன்னும் அமைதியாகவில்லையே' என்று அங்கேயும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார். மதிப்பெண் போடாத இடம் என்பதுதானே காட்டின் சிறப்பு! போனை அணைத்துவிட்டு ஒரே மரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் முதலில் சலிப்புதான் வரும். அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் பறவைச் சத்தமே காதில் விழும்.

எல்லாக் காடும் சுகம் தருவதும் இல்லை. போருக்குப் பிறகு ஜப்பான் மரத்தேவைக்காக மலைமலையாக நட்ட சுகி மரங்களின் மகரந்தத்தால் ஒவ்வொரு வசந்தத்திலும் கோடிக்கணக்கானவர்கள் தும்மிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோப்புகளைப் பத்து ஆண்டுகளில் 20 சதவீதம் குறைப்பதாக அந்நாட்டு அரசு 2023-ல் அறிவித்தது.

வனக் குளியல் தொடங்கிய இடமாகச் சொல்லப்படும் நாகானோ மாகாணத்து அகாசவா காட்டின் கதை வேறு. அங்கே நிற்கும் ஹினோகி மரங்களுக்கு 300 வயதுக்கு மேல். கோட்டை கட்டவும் ஊர் கட்டவும் வெட்டித் தீர்த்தபின், 17-ஆம் நூற்றாண்டில் ஓவாரி பிரபுக்கள் வெட்டத் தடை போட்டார்கள். ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பதுதான் அன்றைய தண்டனை என்று சொல்வார்கள். கொடுமையான சட்டம்தான். ஆனால் அங்கே இன்று நிம்மதி தேடி நடக்கிறவர்கள், அப்படித் தப்பிய மரங்களின் நிழலில்தான் நடக்கிறார்கள்.