சிறு காயமும் செயலிழந்த விரலும்

அரிவாளோ உடைந்த கண்ணாடியோ பட்டு ஒருவனுக்கு விரல் மடங்காது போனால், “நரம்பு அறுந்துவிட்டது” என்று சொல்வது நம் மக்களின் வழக்கம். குருதிக் குழாயும் அவர்களுக்கு நரம்பே; உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழையும் நரம்பே; தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் நரம்பே. இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதனால் மொழிக்குக் கேடில்லை. காயம்பட்டவனுக்கோ கேடு உண்டு. குருதி நின்று தோல் மூடியதும் எல்லாம் சேர்ந்துவிட்டதென்று எண்ணி அவன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். விரலை மடக்கும் நாண் முற்றிலும் அறுந்துவிட்டால், அது தானாகச் சேர்ந்து பழையபடி இயங்குவதில்லை.

விரல்களை மடக்கும் வலிய தசைகள் முன்கையில் அமைந்துள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டையும் உள்ளங்கையையும் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன. பெருவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் இத்தகைய நாண்கள் இரண்டு. ஒன்று நடு எலும்பிலும் மற்றொன்று நுனி எலும்பிலும் முடிகின்றது. வெட்டிய கோழிக்காலின் நாணை இழுத்து அதன் விரல்கள் மடங்குவதைக் கண்டு மகிழ்ந்த சிறுவர்கள் இவ்வமைப்பை எளிதில் அறிவர். நாண் அறுந்ததும் அதன் மேல்முனையைத் தசை உள்ளங்கைப் பக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆகவே, காயம் நெல்லளவே இருப்பினும் இழப்பு பெரிதாக இருக்கக்கூடும்.

உள்ளங்கையின் மேற்கோடு முதல் விரலின் நடுப்பகுதி வரை இரு நாண்களும் ஒரே குறுகிய உறைக்குள் செல்கின்றன. அங்குத் தைத்த நாண் சுற்றியுள்ள உறையோடு ஒட்டிக்கொண்டு அசையாது நின்றுவிடும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் இப்பகுதியைப் போர்முனைகளுக்கு இடையே கிடக்கும், எவரும் கால் வைக்க அஞ்சும் நிலத்துக்கு ஒப்பிட்டார். தோலை மட்டும் மூடிவிட்டு, பின்னர் வேறிடத்து நாணை எடுத்து ஒட்டுவதே நன்றென்பது அக்காலக் கொள்கை. 1967-இல் லூயிவில் நகரத்து ஹெரால்டு கிளைனெர்ட்டும் அவர்தம் குழுவினரும், அப்பகுதியிலும் உடனடியாகத் தைத்து நற்பயன் பெறலாம் என்று காட்டினர். நுண்ணிய தையலோடு, காவலுடன் கூடிய அசைவும் அவர்கள் முறையின் உயிர்நாடி. நகத்தில் இணைத்த இரப்பர்ப் பட்டை விரலை மடக்கும். நோயாளி தானே அதனை நீட்டுவார். நாண் இழுபடாமலேயே உறைக்குள் நகரும்.

இன்றும் அடிப்படை அதுவே. அறுவை இயன்றவரை முதற்சில நாட்களில் நடைபெற வேண்டும். அதன்பின் சுமார் 6 வாரம் தாங்குபட்டையும் பயிற்சியும் வேண்டும். பளுவான வேலைக்குச் சுமார் 12 வாரம் காத்திருத்தல் வேண்டும். அசைவு குறைந்தால் நாண் ஒட்டிக்கொள்ளும்; வரம்பு மீறினால் தையல் அறுந்துவிடும்.

இதிலிருந்து நாம் கொள்ளும் கருத்து ஒன்று. அறுவை இக்கதையின் நடு அதிகாரமே. முதல் அதிகாரமும் இறுதி அதிகாரமும் மருத்துவமனைக்கு வெளியே, கள ஊழியரிடமும் ஆசிரியரிடமும் உள்ளன. ஆதலின் முதலுதவிப் பாடத்தில் கட்டுப் போடக் கற்பிக்கும்போதே, கட்டுப் போடுமுன் விரலை மடக்கிக் காட்டச் சொல்வதையும் மாறா விதியாகக் கற்பிக்க வேண்டும்.

முறை எளிது. குருதி பெருகினால் தூய துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். பெருக்கு அடங்கியபின், காயமுற்ற விரலின் நடுக்கணுவை அசையாது பிடித்து நுனியை மடக்கச் சொல்ல வேண்டும். அடுத்து, மற்ற விரல்களை நீட்டிப் பிடித்துக்கொண்டு அவ்விரலை மட்டும் மடக்கச் சொல்ல வேண்டும். நுனியின் இருபுறமும் தொட்டு உணர்ச்சி உண்டா என வினவ வேண்டும். அழும் குழந்தையாயின் கையைத் தளர்வாக வைத்துப் பார்த்தல் போதும்; ஏனைய விரல்கள் சற்று வளைந்திருக்க ஒன்று மட்டும் நீண்டு கிடந்தால் ஐயமே வேண்டா. மடக்க இயன்றும் வலியும் தளர்ச்சியும் இருப்பின், நாண் பாதி அறுந்திருக்கக்கூடும். அதற்கும் மருத்துவரே துணை.

ஊழியர் மருத்துவர் அல்லரே என்று சிலர் தடை கூறுவர். நாணைத் தேடும்படி அவரை யாரும் கேட்கவில்லை. காயத்தைக் கிளறவே கூடாது. ஒரு விரலுக்காகப் பல நாள் கூலியை இழப்பதா என்பது மற்றொரு தடை. இது ஏழையின் உண்மையான துயரம், எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால் காலம் கடந்தால் தசை சுருங்கிவிடும். வேறு நாணை ஒட்ட வேண்டிவரும். சிலருக்கு அறுவை இருமுறை நேரும். மடங்காத விரலோ கதிரைப் பற்றும்போதும் கயிற்றை இழுக்கும்போதும் ஒவ்வொரு நாளும் கூலியைக் குறைக்கும்.

1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூருக்கு மருத்துவப் பணியாற்ற வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு நலமுள்ள நாண்களை இடம் மாற்றிப் பொருத்தினார். அது அறுந்த நாண் அன்று, செயலற்ற தசையின் குறை. எனினும் பாடம் ஒன்றே. அறுவைக்குப் பின் கை மீண்டும் தொழில் பயில வேண்டும்.

வீடு திரும்பியவன் தாங்குபட்டையைக் கழற்றி எறியாமலும், அஞ்சிப் பயிற்சியைக் கைவிடாமலும் காப்பவர் அருகிலிருப்போரே. அவன் இல்லத்துக்கு வாரம் ஒருமுறை சென்று விரலைப் பார்த்து வருதல் அறுவைக்கு ஈடான தொண்டாகும்.