மயக்க ஊசி அப்பாவுக்கு, கையெழுத்து எனக்கா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். வைத்தியம் தேடி வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கோங்க :-)

அப்பாவுக்கு கொலோனோஸ்கோப்பி. செட்டியார்பட்டியில இருந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். முந்தின நாள் பூரா பேதி மருந்து குடிச்சு மனுசன் வாடிப்போய் உக்காந்திருக்கார். நர்ஸம்மா ஒரு தாளை நீட்டுறாங்க. அவர்கிட்ட இல்ல, என்கிட்ட! "மயக்க மருந்துக்கு சார், இங்க ஒரு கையெழுத்து."

அப்பா மெதுவா கேட்டார், "மயக்கம் இல்லாம பாக்க முடியாதாம்மா?"

பதிலும் எனக்குத்தான் வந்துச்சு. "எல்லாருக்கும் இப்படித்தான் சார்."

எல்லாருக்குமா? நார்வேயில நிறையப் பேர் முழிச்சுக்கிட்டே பாத்துக்கறாங்க. அமெரிக்காவுல பெரும்பாலும் ஊசி போட்டுத்தான். ஊசி போட்டா வலி தெரியாது. ஆனா மூச்சும் பிரஷரும் இறங்கலாம், பக்கத்துலயே கவனிக்க ஆள் வேணும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. போடலைன்னா குழாய் வளைவுல திரும்பறப்ப வயிறு பிசையும். சிலருக்கு லேசா, சிலருக்குத் தாங்கவே முடியாது. காத்துக்குப் பதிலா தண்ணியோ கார்பன் டை ஆக்சைடோ விட்டா வலி குறையுது. இதைச் சொல்ல ரெண்டு நிமிசம் ஆகுமாங்க?

"பெரியவருக்கு என்ன தெரியும், படிச்ச பையன் முடிவு பண்ணட்டும்"ங்கற நல்ல மனசுதான் இங்க வில்லனே. டெல்லியில வெறும் பரிசோதனைக்குன்னு மயக்கத்துல படுத்த பெண்ணுக்கு, வெளிய நின்ன அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. சமீரா கோலி வழக்கு. அந்த அம்மாவோட சம்மதம் செல்லாதுன்னு 2008ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. என்ன ஆபத்து, வேற என்ன வழின்னு நோயாளிகிட்டயே சொல்லணும்னும் சொல்லிச்சு. அப்புறமும் தாள் மகன் கைக்குத்தான் வருது!

இதே சோதனைக்கு மயங்கறதுக்கு முன்னாடி, 2002லயும் 2007லயும் ஜார்ஜ் புஷ் அமெரிக்காவையே டிக் செனிகிட்ட எழுதிக் குடுத்துட்டுப் படுத்தார். அவர் கையெழுத்தை அவர்தான் போட்டார் சாமி, அவர் பொண்ணுங்க போடல.

தாளைத் திருப்பிக் குடுத்து, டாக்டர் வந்து அப்பாகிட்ட பேசட்டும்னேன். முனகிக்கிட்டே போனாங்க. டாக்டர் வந்தார், பொறுமையாவே சொன்னார். எல்லாத்தையும் கேட்டுட்டு அப்பா, "சரிங்கய்யா, ஊசியே போட்ருங்க"ன்னுட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் வாசிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

"நீ போட்டிருந்தாலும் அதே ஊசிதானடா, எதுக்கு இந்த அலப்பறை?"ன்னு கேக்கப் போற அண்ணாச்சிங்களா... வாங்க, பின்னூட்டத்துல பேசிக்குவோம்.