புதைக்க வந்த கித்தாபு



நைந்துபோன கித்தாபுகளை மண்ணில் புதைப்பது நம்மிடையே வழக்கமல்லவா? அதற்காகச் சூலக்கரை மாணவன் ஒருவன் சென்ற மாதம் பழைய நூலொன்றை மதரஸாவுக்குக் கொண்டுவந்தான். எழுத்து அரபு, வாசித்தாலோ தமிழ்! அவன் பாட்டியார் இளமையில் ஓதிய நூலாம்.

அது அரபுத் தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ண போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்தனர். ஏடு நைந்து ஒரு புள்ளி அழிந்தால் 'பணி', 'பனி' ஆகிவிடும். எது சரியென்று சொல்ல இருமொழியும் தெரிந்தவர் வேண்டும்.

அத்தகையோரின் அருமையை உணர்த்தியவர் இலங்கைப் பாணந்துறையின் ம. மு. உவைஸ். விபுலானந்த அடிகளின் மாணவர். தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி 1953இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் சிங்கள நாவலான 'கம்பெரலிய'வைத் தமிழாக்கியவரும் அவரே. பின்னர் நமக்கு அருகிலுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராக அமர்ந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து அவ்விலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1996இல் மறைந்தார்.

அந்தக் கித்தாபை நாங்கள் புதைக்கவில்லை. முகப்பேடு இல்லாததால் இயற்றியவர் பெயரும் தெரியவில்லை. மாலையில் மாணவன் ஒரு பக்கம் வாசிக்க, நான் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதுகிறேன். எழுத்து மங்கிய இடங்களை அவன் பாட்டியாரிடம் கேட்டு வருகிறான். அவருக்குப் பார்வை குன்றிவிட்டது; பாதி நூல் மனப்பாடம். வயதோ எண்பதைத் தாண்டிவிட்டது. ஆகவே இவ்வாரம் முதல் நாளுக்கு இரண்டு பக்கமாக்கியிருக்கிறோம்.