போனுக்குக் கிடைக்கும் உலர்ந்த காற்று... வீட்டுக்குக் கிடைக்குமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் பக்கத்து வாடகை வீடுகளில் ஒரே காட்சிதான். அறைக்குக் குறுக்கே கட்டிய நைலான் கொடி. அதில் இரண்டு நாளாகியும் காயாத யூனிஃபார்ம். டப்பாவில் நமத்துப்போன முறுக்கு. பீரோவைத் திறந்தால் ஒரு மக்கிய வாடை. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

‘மழைக்காலம்னா அப்படித்தான்’ என்று கடந்துவிடுகிறோம். ஆனால், ராத்திரியானால் மூச்சு இழுக்கும் குழந்தை அந்த வீட்டில் இருந்தால்? நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பகல் முழுக்க ஜன்னலை அடைத்துத் தூங்குபவர் இருந்தால்? அப்போது இது வெறும் வாடைப் பிரச்னை இல்லை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

ஆலைக்குள் வேறு உலகம்

இதே பகுதியின் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஈரப்பதம் என்பது நாள் முழுக்கக் கண்காணிக்கப்படும் விஷயம். காரணம் இருக்கிறது. போனுக்குள் வைக்கும் சிப், காற்றிலிருக்கும் ஈரத்தை மெள்ள உறிஞ்சிக்கொள்ளும். அதை சுமார் 250 டிகிரி சூட்டில் போர்டோடு சேர்த்து ஒட்டும்போது, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி விரிந்து சிப்பையே பிளந்துவிடும். சோளம் பொரிவது போன்றது என்பதால் இதற்குப் பெயரே ‘பாப்கார்ன்’தான். காற்று ரொம்பவும் வறண்டால் நிலைமின்சாரத்தால் வேறு சேதம். அதனால் 40 முதல் 60 சதவிகிதத்துக்குள் ஈரப்பதத்தைப் பிடித்துவைக்கிறார்கள்.

ஏ.சி பிறந்த கதையும் இதுதான். 1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகிப்போயின. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் தன் கருவியை வடிவமைத்தார். குளிர்ச்சி மனிதர்களுக்கு வந்தது பிறகு!

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் பணியாளர்கள் தங்கும் பிரமாண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. ஆனாலும், இந்தப் பகுதியில் வேலை செய்யும் ஏராளமானோருக்கு இன்றும் வாடகை அறைதான் வீடு. அங்கே ஈரப்பதத்தைக் கவனிப்பது யார்?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

10-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் அந்த அறைக் காற்றால் அதிகபட்சம் தாங்க முடிந்த நீராவி, ஒரு லிட்டருக்கும் குறைவு. மழைநாளில் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அதே அறைக்குள் ஒரு வாளி துணியைக் காயப்போட்டால் வெளியேறும் நீர் சுமார் 2 லிட்டர். நான்கு பேர் 8 மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஒரு கிலோ சமையல் காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டர் அளவுக்கு நீராவி. காற்று தாங்காத மிச்சம் எங்கே போகும்? தலையணைக்கு, பீரோவுக்கு, சுவருக்கு!

மெஷின் வாங்கலாமா?

வெளிநாடுகளில் வீடு முழுமைக்குமான டீஹியூமிடிஃபையர் உண்டு. எல்லா அறைகளுக்கும் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் அமைப்பு உள்ள, அடைத்த வீடுகளுக்கு ஏற்றது அது. ஜன்னலும் வெண்டிலேட்டரும் வைத்துக் கட்டிய நம் வீடுகளில் அதைப் பொருத்த இடமே இல்லை.

ஓர் அறைக்கான சிறிய மெஷின் கிடைக்கிறது. வாங்கும் முன் மூன்று விஷயங்கள். முதலாவது, கதவு ஜன்னலைச் சாத்தித்தான் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தெருவையே காயவைக்கும் வேலைதான். இரண்டாவது, அது அறையைக் கொஞ்சம் சூடாக்கும். மூன்றாவது, கரன்ட். 300 வாட் மெஷின் தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 144 யூனிட். கரன்ட் பில்லில் அது கூடுதலாகச் சேரும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே ஏ.சி இருந்தால், அதிலுள்ள ‘டிரை’ மோடு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

சுவரே ஓதம் காத்திருந்தால் எந்த மெஷினாலும் பயனில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: அலுமினிய ஃபாயிலை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் ஈரம் என்றால் கசிவு. மாடியோ, குழாயோ, அஸ்திவாரமோ காரணம். ஹவுஸ் ஓனர் பார்க்க வேண்டிய வேலை. போட்டோ எடுத்துத் தேதியோடு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸில் ‘சுவர் பாழாயிடுச்சு’ என்று பிடிக்கும்போது அது கைகொடுக்கும். அறைப் பக்கம் ஈரம் என்றால் காற்றில் இருக்கும் ஈரம். நம் கையில் இருக்கும் விஷயம்.

இப்போதே செய்யக்கூடியவை

* சில நூறு ரூபாயில் ஈரப்பத மீட்டர் கிடைக்கும். 60-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 70-ஐத் தாண்டினால் கவனம் தேவை.

* துணியைத் தூங்கும் அறையில் காயப்போடாதீர்கள். வராண்டா, மொட்டை மாடி ஷெட், படிக்கட்டு எதுவானாலும் பரவாயில்லை. வேறு வழியே இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து, ஃபேனைத் துணிப் பக்கம் திருப்புங்கள்.

* மழைவிட்ட நாளில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். ஒரு நாளில் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும் நேரம் அதுதான்.

* சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப்போடுங்கள்.

* பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். அறை முழுக்கப் பரவும். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வீசிங் உள்ளவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். பிளீச்சிங்கையும் டாய்லெட் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும்.

* ஈரத்துணியையும் குழந்தையின் தலையையும் சாம்பிராணிப் புகையில் காட்டுவது நம் வழக்கம். வீசிங் இருக்கும் குழந்தைக்கு அந்தப் புகை கூடவே கூடாது. அடைத்த அறையில் கரி நெருப்பை வைத்துத் தூங்குவது உயிருக்கே ஆபத்து.

குழந்தைக்கு ஒவ்வொரு மழைக்காலமும் இருமலும் இழுப்பும் வந்தால், டாக்டரிடம் மறக்காமல் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்: ‘எங்க வீட்டுச் சுவர்ல ஓதம் இருக்கு.’ மருந்து எழுதும் முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் அது.