மாணா முகாம் ஏன் அங்கேயே இருந்தது?

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், மாணா கிராமத்தருகே 2025 பிப்ரவரி 28 காலையில் எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர் முகாமைப் பனிச்சரிவு மூடியது. கன்டெய்னர்களில் தங்கியிருந்த 54 பேரில் 46 பேர் மீட்கப்பட்டனர், 8 பேர் இறந்தனர். சண்டிகரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அந்த மாவட்டத்துக்கு முந்தைய மாலையே எச்சரிக்கை விடுத்திருந்தது. கணிப்பு பொய்க்கவில்லை. ஆனாலும் விடிந்தபோது தொழிலாளர்கள் அங்கேதான் இருந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் முகாமைக் காலிசெய்வதை விருப்பத்துக்கு விடாமல் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

குளிர் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற நம்பிக்கையும் இமயமலையில் உயிர் பறிக்கிறது. மாணாவில் கொட்டியது புதுப்பனி. அதன்பின் வரும் வெயிலோ வேறு வகையில் வேலை செய்கிறது. உருகிய நீர் பனிக்குள் இறங்கி, துகள்களைப் பிணைத்திருக்கும் பிடிப்பைக் கரைத்துவிடுகிறது. இரவு தெளிந்திருந்தால் மேற்பரப்பு மீண்டும் உறைந்து, காலையில் சரிவு ஓரளவு உறுதியாக இருக்கும். மேகம் மூடிய இரவில் அந்த உறைவு சரிவர நிகழாது. ஈரப்பனி மெதுவாக நகர்ந்தாலும் எடை மிகுந்தது. நின்றவுடன் சிமென்ட்போல இறுகிவிடுவதால் புதைந்தவரைத் தோண்டியெடுப்பது கடினம். 2021இல் சமோலியின் சும்னாவில் சாலைத் தொழிலாளர்களும், 2023இல் சிக்கிமின் நாதுலா சாலையில் 7 சுற்றுலாப் பயணிகளும் பனிச்சரிவில் மாண்டது ஏப்ரலில்தான்.

புவி சூடானால் பனி குறையும், சரிவும் குறையும்தானே என்று கேட்கலாம். தாழ்ந்த உயரங்களில் அது நடக்கலாம். ஆனால் இமாச்சலத்தில் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, வெப்பமாதல் அங்கே பனிச்சரிவுகளைக் கூட்டியிருப்பதாகவே காட்டியது. இன்னொரு வாதம் வலுவானது: மாவட்டம் முழுவதற்கும் வரும் எச்சரிக்கைக்கெல்லாம் வேலையை நிறுத்தினால் எல்லைச் சாலைகள் எப்படித் திறக்கும்? ராணுவமும் மலைக்கிராமங்களும் அவற்றை நம்பியிருப்பது உண்மை. ஆனால் எல்லா வேலையையும் நிறுத்தச் சொல்லவில்லை. பனி வழக்கமாக இறங்கும் தடங்கள் மலைவாசிகளுக்குத் தெரியும், வரைபடத்திலும் குறிக்க முடியும். அவற்றின் கீழே முகாம் அமைக்கக் கூடாது. வெயிலேறும் மாதங்களில் சரிவுக்குக் கீழான பணியை, இரவு நன்றாக உறைந்திருந்தால் மட்டும், விடிகாலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கலாம். ஆட்களைச் சரிவிலிருந்து இறக்கும் அதிகாரம் களத்திலிருக்கும் பொறியாளரிடமே இருக்கட்டும். வேலை நின்ற நாளுக்கும் கூலி உண்டென்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தினக்கூலியை இழக்க அஞ்சுபவர் ஆபத்தான சரிவைவிட்டு எளிதில் இறங்கமாட்டார்.