ரத்தத்தின் சாட்சியம்

ராயபுரத்துப் பெரியவர்களில் பலர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லுவார்கள். 1782-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த வைத்தியசாலை அது. இந்த வாரம் நாம் கவனிக்கப்போவதும் ஒருவகைப் பசியைப் பற்றித்தான். மூளை, குடல், சிறுநீரகம் ஆகியவை ரத்தத்துக்குப் படும் பசி.

இருதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியின் சுவர் மூன்று அடுக்குள்ளது. கவனியாமல் விட்ட ரத்த அழுத்தத்தினால் உள்ளடுக்குக் கிழிந்தால், ரத்தம் அடுக்குகளுக்கிடையே புகுந்து சுவரைப் பிளந்துகொண்டு போகும். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760-இல் இந்நோயால்தான் மாண்டார். மார்பிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோல் வலிக்கும். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலையில் இரவு வேலை பார்ப்பவர் அதை வாயு என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால், போகிற ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு நஷ்டம். கிழிசல் இருதயத்தை ஒட்டி இருந்தால் உடனே சஸ்திர சிகிச்சை செய்தாக வேண்டும்.

கிழிசலை சி.டி. படம் காட்டிவிடும். நோயாளி பிழைப்பாரா என்பதற்கு ரத்தத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அதில் முக்கியமான சாட்சி லாக்டேட். பிராணவாயு போதாதபோது உடலின் அணுக்கள் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கின்றன. அதில் மிஞ்சுவதுதான் இது. காசிமேட்டில் வலை இழுக்கும் மீனவருக்கும் இது ஏறும். சற்று ஓய்ந்தால் இறங்கிவிடும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், எங்கேயோ ஓர் உறுப்பு பட்டினி கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகத்தின் வருத்தத்தைக் கிரியேட்டினினும், இருதயத்தின் காயத்தை ட்ரோபோனினும் தெரிவிக்கும்.

லாக்டேட் மிகுந்தவர்களில் மரணம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. கட்டிலில் கிடக்கும் ஒருவரின் ஜாதகம் ஆகாது. அட்ரீனலின் மருந்துகூட அந்த எண்ணை ஏற்றிவிடும். எண்ணைக் கேட்டதும் வராந்தாவில் அழத் தொடங்கும் உறவினர், காலையில் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் விசாரிப்பது மேல். மணிக்கு மணி இறங்குகிறதென்றால் அது நல்ல சகுனம். சஸ்திரம் செய்யலாமா, விட்டுவிடலாமா என்பதை இந்த ஓர் எண்ணைக்கொண்டு முடிவு செய்வது தகாது என்பது என் அபிப்பிராயம்.

வயதும் அப்படித்தான். இச்சிகிச்சைக்கு 1950-களில் வழிகாட்டிய அமெரிக்க டாக்டர் மைக்கேல் டிபேக்கியையே 2005 டிசம்பர் 31-ஆம் தேதி இந்நோய் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 97! முதலில் அவர் சஸ்திரத்துக்கு இசையவில்லை. நினைவு தப்பிய பிறகு, செய்வது தர்மமா என்று ஹூஸ்டன் ஆஸ்பத்திரியில் ஒரு குழு கூடி ஆலோசித்து அனுமதித்தது. 2006 பிப்ரவரியில் சிகிச்சை நடந்தது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய அவர், 2008 ஜூலை வரை ஜீவித்திருந்தார்.