கண்ணாடிப் படகும் கட்டிய விரல்களும்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைப் பற்றிய எந்தப் பயணக் கட்டுரையை எடுத்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: மீனவர்களின் அறியாமையால் பாறைகள் அழிந்தன. இலக்கிய வாசகர்களான நாமும் தலையசைத்துக் கடந்துவிடுகிறோம். இந்த வாக்கியத்தோடுதான் நமக்குச் சண்டை.

எவருடைய அறியாமை? தூத்துக்குடிக் கடலில் பல பத்தாண்டுகள் பவளக்கல் வெட்டப்பட்டது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கார்பைடு, சிமெண்டுத் தொழில்களுக்கும் போனது. வெட்டிய கை மீனவனுடையதாக இருக்கலாம். வாங்கிய கை? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின. 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986இல். கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது 2001இல்தான்.

மீட்புப் பணியை நாம் பழிக்கவில்லை. 2002 முதல் தூத்துக்குடி ஆய்வாளர்கள் சிமெண்டுச் சட்டகங்களில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். விரைந்து வளரும் கிளைப்பவளம்கூட ஆண்டுக்கு ஒரு சாண் நீள்வதில்லை. உருண்டைப் பவளத்துக்கு ஒரு விரற்கடையே அதிகம். பொறுமை வேண்டிய வேலை, மரியாதைக்குரியது. ஆனால் 2010இலும் 2016இலும் கடல் சூடேறியபோது இயற்கைப் பாறைகள் வெளுத்து மடிந்தன. அந்தச் சூட்டை ஏற்றியது கட்டுமரமல்ல.

இனி சுற்றுலா. ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையில் சூழியல் சுற்றுலா நடக்கிறது. உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பது நல்லதே, அதை மறுப்பவர்கள் பசியை அறியாதவர்கள். நம்மை உறுத்துவது வேறு. இதே கரையில், பாம்பன் முதல் கீழக்கரை வரை, தலைமுறைகளாகப் பெண்கள் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்து வந்திருக்கிறார்கள். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சை அடக்கி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பெயருண்டு (பவளத்தைப் பற்றிக் கவிதை எழுதும் நம்மில் எத்தனை பேருக்கு இவற்றில் ஒன்றாவது தெரியும்?). மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே இறங்குவது, சுரண்டும் இரும்பைக் கைவிட்டுக் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டவர்கள். எழுதப்படாத அந்த விதிகளை எந்த மேலாண்மைத் திட்டமும் ஆதாரமாகக் கொள்வதில்லை. பூங்காவின் சட்டத்துக்கு அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் மட்டுமே.

சீட்டு வாங்கியவர் கண்ணாடிக்கு மேலிருந்து பார்க்கலாம். பாறையின் ஒவ்வொரு இடுக்கையும் விரலால் அறிந்தவள் நெருங்கக்கூடாது. இதற்கு நிலைத்த வளர்ச்சி என்று பெயர். இன்னொரு வேடிக்கை: அந்நியப் பாசியான கப்பாஃபைகஸ் குருசடைத் தீவின் பவளத்தின் மீது படர்ந்து மூடுவதாக 2008இலேயே ஆய்வு வெளிவந்தது. அதை மிதவைகளில் பயிரிடத் திட்டங்கள் ஊக்கமளிக்கின்றன. நாட்டுப் பாசியைக் கையால் பறிப்பவளுக்குத் தடை.

பாறைக்குப் பாதுகாப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ‘வன நிலம்’ என்பதில் தேசியப் பூங்காக்களையும் சேர்க்கிறது. மீனுக்கும் பிற நீர்ப்பொருள்களுக்குமான சமூக உரிமையைப் பேசுகிறது. எந்தத் தீவில் எந்த மாதம் இறங்கலாம், எங்கே படகு நிற்கக்கூடாது, சீட்டுப் பணம் எங்கே போகிறது என்று முடிவெடுக்கும் மேசையில் பாசி எடுக்கும் பெண்களுக்கு நாற்காலி போட வேறென்ன சட்டம் வேண்டும்? பயணக் கட்டுரை எழுதும் நண்பர்கள் அடுத்த முறை படகேறுமுன் கரையில் நின்று இதை விசாரிக்கட்டும்.